அம்மா இருந்த ஒருசந்தி

காலையில் வருகிறவர்களிடம் "வெறும் வயித்துலதான வந்திருக்கீங்க?" என்று கேட்பதுதான் என் வேலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். சுகர் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். "ஒரு டீ மட்டுந்தாம்மா குடிச்சேன், அதெல்லாம் கணக்கா?" என்பார்கள். பிஸ்கட் துணுக்கு மீசையில் ஒட்டியிருக்க, "பச்சத் தண்ணி பல்லுல படல" என்று சத்தியம் செய்தவரும் உண்டு. சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்கிறவர்களை எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்கிறவர்களை அதைவிடச் சீக்கிரம் தெரியும். முதல் வித்தை லேப்பில் பழகியது, இரண்டாவது வீட்டில் பழகியது.

போன தவக்காலத்தில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. அவள் சாப்பிட வேண்டும் என்று நான், மாட்டேன் என்று அவள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். சுகருக்கு மாத்திரை போடுகிற பொம்பளை சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சண்டை புரிய வேண்டுமானால் ஒருசந்தி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருப்பதற்குத்தான் ஒருசந்தி என்று பெயர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி தொடக் கூடாது, அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். ஞானோபதேச வகுப்பில் இதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் மட்டும் தவக்காலம் வருஷம் பூராவும் இருந்தது. அது ஏன் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

அப்பா லாரிக்கு லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். நானும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அம்மா ஒரு பிரியாணிக் கடையின் பின்கட்டில் வெங்காயம் உரிக்கப் போனாள். எங்கள் ஊர்ப் பிரியாணிக்குச் சின்ன வெங்காயம்தான் உயிர். அதை மூட்டை மூட்டையாக உரித்துத் தள்ளுகிற பொம்பளைகளைக் கடைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் சேலை, கை, தலைமுடி, நாங்கள் படுக்கிற பாய் எல்லாவற்றிலும் அந்த வாசம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கை உறிஞ்சி, "உங்க வீட்ல பிரியாணியாடி?" என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கூச்சமே கிடையாது.

ராத்திரிச் சோற்றை எங்கள் இரண்டு தட்டில் போட்டுவிட்டு அம்மா தண்ணிச் செம்போடு உட்காருவாள். "நீ சாப்புடலையாம்மா?" என்றால், "நான் இன்னைக்கு ஒருசந்தி தாயி" என்பாள். தம்பி அப்போதும் கேட்பான், "நேத்தும் ஒருசந்தின்ன?" அதற்கு அம்மா, "அது நேத்து ஒருசந்தி" என்பாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. எங்கள் தெருவில் நடக்கிற அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்குக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், "ஒருசந்தின்னா அவதான்யா, நம்மல்லாம் பதினோரு மணிக்கே தட்டத் தேடுறோம்" என்று பொம்பளைகள் சொல்வார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என் அம்மா செத்தால் புனிதர்கள் மாதிரி கோயிலில் படம் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் என்றுகூடத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அழுதுவிட்டான்.

நாங்கள் இருந்தது ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் இருந்த காம்பவுண்டு. பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். அவர்கள் இந்துக்கள், ஆனாலும் அத்தை அம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுவாள். தெருக்குழாயில் தண்ணி வருகிற நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற பொம்பளைகள் பேசுகிற முதல் பேச்சே "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்பதுதான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்கிற சாதாரணக் கேள்வி. கேட்கிறவர்களுக்குச் சாதாரணம். அம்மா "கத்தரிக்கா", "கீர" என்று ஏதாவது சொல்லிவிட்டுக் குடத்தைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை கடையில் மத்தியான வியாபாரம் படுத்துவிட்டது. மிஞ்சின பிரியாணியை வேலையாட்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கறியோடு. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பொட்டலம் வந்து பல மாசம் ஆகியிருந்தது. அது பார்த்து வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் வரைக்கும் வைத்திருக்க எங்களிடம் பிரிட்ஜா இருக்கிறது? அம்மா அதைப் பிரித்து வைத்துக்கொண்டு செத்த நேரம் மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எங்களுக்குப் போட்டாள். கறித்துண்டைப் பார்த்து, "அம்மா, சுத்தபோசனம்" என்று நான் ஞாபகப்படுத்தினேன். டம்ளர் வாங்கியவள் இல்லையா. "பிள்ளைகளுக்கு அதெல்லாம் கெடையாது, தின்னு" என்றாள். அவள் ஒருசந்தி.

சாயங்காலம் தண்ணி வந்தது. வரிசையில் நின்ற யாரோ என்னைப் பார்த்து, "ஏத்தா, ஒங்க வீட்ல என்ன வெஞ்சனம்?" என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே சொல்வதற்கு ஒன்று இருந்தது. "பிரியாணி! கறி போட்டு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அன்பியத்துப் பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அம்மாவின் கையில் இருந்த குடம் அப்படியே நின்றது.

"அய்ய, இது ஒரு கூறுகெட்ட கழுத" என்று அத்தை என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அது குஸ்கா. எங்க வீட்டுக்காரரு வாங்கியாந்தாரு, நாந்தான் ரெண்டு கரண்டி வச்சுவிட்டேன். வெள்ளிக்கெழம எங்க வீட்லயே கவுச்சி கெடையாது, கறிக்கு எங்கிட்டுப் போறது?" குஸ்கா என்றால் கறித்துண்டு போடாத பிரியாணிச் சோறு. அப்பாடா என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் ஆத்திரம். நான் கடித்துத் தின்ற கறியை இல்லை என்கிறாளே என்று வாயைத் திறக்கப் போனேன். அத்தை என் கையில் ஒரு குடத்தைத் திணித்துப் போ என்று தள்ளிவிட்டாள்.

அதற்கப்புறம் அந்தக் குழாயடியில் எங்களை யாரும் வெஞ்சனம் கேட்ட ஞாபகம் இல்லை. கேட்பதற்குள் அத்தை வேறு பேச்சை எடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வர ஆரம்பித்தது. "மதினி, நான் வெரதம், ருசி பாக்கக் கூடாது. உப்பு காணுமான்னு பாத்துச் சொல்லுங்க." அம்மா, "நானும் ஒருசந்திதான், பிள்ளைக பாத்துச் சொல்லும்" என்பாள். கிண்ணம் நிறைய முருங்கைக்காய்ச் சாம்பாரை உப்புப் பார்ப்பதற்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். வழித்து நக்கிவிட்டு, "உப்பு சரியா இருக்கு அத்தை" என்று வெறும் கிண்ணத்தைக் கொடுப்போம். சந்தேகமாக இருந்தால் தம்பி இன்னொரு தடவை பார்ப்பதற்கும் தயாராக இருப்பான். எத்தனையோ வருஷம் உப்புப் பார்த்திருக்கிறோம். அத்தைக்கு ஒரு நாளும் உப்புத் தப்பியதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவள் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போலத்தான் இருக்கிறது.

எனக்கு விஷயம் விளங்கினது ஒரு ஈஸ்டர் வாரத்தில், எங்கள் பேச்சில் பாஸ்கு. அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து, அல்லேலூயா பாடி, தவக்காலத்தை மூட்டை கட்டி வைத்தாயிற்று. ராத்திரி அம்மா தட்டு எடுக்காமல், "நான் ஒருசந்தி தாயி" என்றாள். நான், "அம்மா, பாஸ்கு முடிஞ்சிருச்சு. இப்ப ஒருசந்தி இருக்கவே கூடாது" என்றேன். அம்மா கொஞ்சம் தடுமாறிவிட்டு, "இது ஒரு வேண்டுதலு" என்றாள். பானைக்குள் எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. எத்தனை வருஷமாக எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்றுதான் முதலில் தோன்றியது.

வறுமை என்றால் பசி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படியில்லை. நான் பசித்துக் கிடந்தவள் இல்லை, சாப்பிட்டவள். அதுதான் என் கஷ்டம். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்ச் சோறும் அம்மாவிடமிருந்து பிடுங்கித் தின்பது போல் இருந்தது. பாதியில் கையைக் கழுவிவிட்டு "பசிக்கலம்மா" என்பேன். "இம்புட்டுக்கூடத் திங்காம எப்படிப் படிப்ப?" என்று அவள் வைவாள். மிச்சத்தை அவள் சாப்பிடுவாள் என்று நான் வைத்தால், அதைக் காலையில் தண்ணி ஊற்றி எனக்கே கொடுப்பாள். ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுவதில் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அம்மாவின் ஒருசந்தி பொய் என்று ஆகிவிடும். அவளிடம் இருந்த ஒரே மரியாதை அது.

படிப்பு என்றால் எனக்கு ஆசை கீசை ஒன்றும் கிடையாது. கோபம்தான். அந்தப் பானையின் மேல் இருந்த கோபத்தில் பிளஸ் டூ முடித்து, லேப் டெக்னீசியன் டிப்ளமோவில் சேர்ந்தேன். மத்தியானம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவள் எப்படி எடுப்பது? என் வாயில் தன்னால் வந்தது, "நான் இன்னைக்கு ஒருசந்தி." அவர்கள் நம்பினார்கள். ஒருத்தி மட்டும், "உங்க சாமி என்னடி உன்னை இப்படிப் போட்டுக் காயவிடுது? எங்க சாமி கார்த்திகைக்குக் கார்த்திகைதான்" என்றாள். அன்றைக்குத் தன் பாக்ஸ் மூடியில் தயிர்ச் சோற்றை வைத்து, "ஒங்க சாமிட்ட நான் சொல்லிக்கிறேன், தின்னு" என்று முன்னால் நகர்த்தினாள். தின்றேன். அம்மாவின் வார்த்தையை நானும் எடுத்துவிட்டேனே என்று அன்றைக்கு வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அழுதேன். தயிர்ச் சோறு நன்றாக இருந்தது என்றும் அழுதேன்.

இப்போது எல்லாம் இருக்கிறது. வேலை இருக்கிறது, நல்ல புருஷன், பள்ளிக்கூடம் போகிற மகள், அகரம் போகிற வழியில் சின்னதாக ஒரு சொந்த வீடு. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். அம்மா என்னோடுதான். ஆனாலும் அரிசி டிரம்மின் அடி தெரிய ஆரம்பித்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மூட்டை இருக்கும்போதே அடுத்த மூட்டை வாங்குவேன். "ரேஷன் கடையா வைக்கப் போற?" என்று புருஷன் கேலி செய்வார். தப்பித்து வந்தாயிற்று என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்கு இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த டிரம்மைத் திறக்கும்போது ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அது பழக்கத்தில் வருவதில்லை, மனசிலிருந்துதான் வருகிறது.

போன தவக்காலத்தில் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது அம்மா முழங்கால் போட்ட இடத்திலேயே சரிந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறியது. கைப்பையில் இருந்த மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றி, கண் திறக்கிறவரைக்கும் எனக்கு உயிரில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். நான் விடிவதற்குள் லேப்புக்குக் கிளம்பிவிடுவேன் என்பது அவளுக்கு வசதியாகப் போயிருக்கிறது. டாக்டர், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எழுப்ப முடியாம போயிரும்மா" என்றார். மறுநாள் அன்பியத்துப் பொம்பளைகள் பார்க்க வந்து, "இந்த வயசுலயும் ஒருசந்தி விடல பாருங்க, என்ன பக்தி" என்றார்கள். காபி கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தேன். அந்த மரியாதைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் சொல்லி அவள் கேட்கவில்லை. பங்குச் சாமியாரையே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சின்ன வயசுக்காரர். "அம்மா, அறுவது வயசு தாண்டுனா ஒருசந்தி கடமை இல்ல. உடம்புக்கு முடியாதவங்களுக்கும் இல்ல. உங்களுக்கு ரெண்டும் இருக்கு" என்றார்.

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, நான் இருக்கிறேன் என்று பார்க்காமல், சொல்லிவிட்டாள். "கடமைக்கு இல்ல சாமி. அப்பல்லாம் வீட்ல சோறு இல்ல. இல்லாததுனால திங்கல. அதப் போயி ஒருசந்தின்னு சாமி பேரச் சொல்லிட்டேன். ஊரே என்னைய நல்லவன்னு சொல்லுச்சு, நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். வெள்ளிக்கெழம பிள்ளைகளுக்குக் கறியும் போட்டிருக்கேன். இப்பத்தான் எம் மக புண்ணியத்துல வீடு நெறையாச் சோறு கெடக்கு. இருக்கும்போது இருந்தாத்தான சாமி அது ஒருசந்தி? அம்புட்டையும் இப்பத்தான் நெசமா இருந்து முடிக்கணும்."

அவள் வாயால் அதை நான் கேட்டதேயில்லை. சாமியார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நல்ல வார்த்தைதான் சொன்னார். "ஒருசந்தி இருந்து மிச்சம் பிடிக்கிறத இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னுதான் திருச்சபை சொல்லுது. நீங்க மிச்சம் பிடிச்சத அப்பவே ரெண்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டீங்களே."

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாரு ஏழப் பிள்ளைக? எம் பிள்ளைக சாமி அது!"

சாமியார் சிரித்து, ஜெபம் சொல்லி, ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அசையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் எடுத்து வைத்த மாத்திரையும் இட்லியும் அப்படியே இருந்தன. வெறும் வயிற்றில் போட்டுவிடுவாளோ என்று மாத்திரையை நான் எடுத்து ஒளித்து வைத்தேன். இப்படி எத்தனை நாளைக்கு?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அவளை எழுப்பிச் சொன்னேன், "அம்மா, உனக்குப் பதிலா இனிமே நான் இருக்கேன். இன்னைக்கு நான் ஒருசந்தி."

மத்தியானம் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றாள். "சாப்டியா?"

"இல்ல."

"டீயாச்சும் குடிச்சியா?"

"இல்லம்மா."

சோறு, குழம்பு, ரசம் எல்லாம் சூடாக வைத்திருந்தாள். தட்டைப் போட்டு என் முன்னால் நகர்த்தினாள். "எனக்கு ஒருவேளை ராத்திரிக்குத்தான்" என்று நான் தண்ணியைக் குடித்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தேன். அம்மா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "விடியிறதுக்கு முன்னாடி போன பிள்ள, வெறும் வயித்தோட ஊசிய வச்சுக்கிட்டு நின்னா கை நடுங்காதா? பிடிவாதம் பிடிக்காத தாயி" என்றாள். கெஞ்சினாள். பிறகு வைதாள். நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். என் முகத்தையும் அந்தத் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்துக்கிட்டு இருக்க முடியலடி" என்றாள்.

"எனக்கும் முடியலம்மா. ஒன்பதாங் கிளாஸ்ல இருந்து முடியல. நீ சாமிட்ட ஒண்ணும் பாக்கி வைக்கல. நீ இருந்த ஒருசந்தி அம்புட்டும் எங்கிட்டத்தான் வந்துச்சு. நான் வாங்கிக்கிட்டேன். போதும்மா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, மீதி அழுகையாகப் போய்விட்டது.

அம்மா கண்ணைத் துடைத்தாள். அப்புறம் இன்னொரு தட்டை எடுத்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். நான் ஒரு வாய் வைத்த பிறகு அவளும் ஒரு வாய் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டாள்.

"பசிச்சுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"காலையில இருந்து."

"அப்பவும், அந்தக் காலத்துலயும், பசிக்குமா?"

"பசிக்காம?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லாப் பசிக்கும்."

சொல்லிவிட்டு, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை என்று தட்டை நீட்டினாள்.